வழித்துணையும் வாழும் வீடும்

நோன்புப் பெருநாளை அடுத்த விடுமுறை நாளொன்றில் அக்கரைப்பற்றிலுள்ள என் தோழியின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையிற் பல ஆண்டுகள் படிப்பித்தவர்கள். திருக்கோவிலிலிருந்து தம்பிலுவிலைக் கடந்து வடக்கே சிறிது நேரம் பஸ்ஸிற் சென்றால் அவள் ஊர் வந்துவிடும். பெருநாட் பலகாரம் உண்ணச் சென்ற நான், பொழுது சாயும்வரை ஒரு நாடகத்தின் முன் அமர்ந்திருக்க நேர்ந்தது.

நாடகம் பாக்கிஸ்தானில் எடுக்கப்பட்டது, மொழி உருது. அவ்வீட்டில் எவருக்கும் உருது தெரியாது. தோழியின் மகள் பல்கலைக்கழக மாணவி. படத்தின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை அவள் வாசித்து, உடனுக்குடன் தமிழாக்கி, தன் உம்மம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எண்பது வயதைக் கடந்த அம்மூதாட்டி பாக்கு இடித்தவாறே கதை கேட்டார். கதைத் தலைவனை இன்னொரு பெண் சிறு வயது முதலே விரும்புகிறாள் என்று பேத்தி சொன்னதும் பாக்குரலின் ஓசை நின்றுவிட்டது.

“என்ன புள்ள இது? இவன்ட உம்மாவும் அவள்ட உம்மாவும் ராத்தா தங்கச்சிதானே! அப்ப அவள் இவனுக்குத் தங்கச்சி முறை. தங்கச்சியா காக்காவைக் கலியாணம் முடிக்க நிக்கிறாள்?”

பேத்தி சிரித்தாள். அவர்களுடைய நாட்டில் அப்படிப் பார்ப்பதில்லை என்று விளக்க முயன்றாள். மூதாட்டி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நாடகம் முடியும்வரை அந்தப் பெண் பாத்திரம் திரையில் தோன்றும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று நானும் சிரித்தேன். ஆயினும், ஊர் திரும்பும் வழியில் சிந்திக்கச் சிந்திக்க அக்கேள்வியின் ஆழம் எனக்குப் புலனாகத் தொடங்கியது. ஒரு குடும்பக் கதையை நாம் எந்தக் கண்கொண்டு பார்க்கிறோம்? நம் வீட்டு உறவு முறைகளையே அளவுகோலாகக் கொண்டன்றோ பார்க்கிறோம்! அந்த அளவுகோலை வைத்து அந்நாடகத்தை அளந்தால், நாடகத்தைப் பற்றியும் சில உண்மைகள் தெரியவரும். நம்மைப் பற்றியும் சில உண்மைகள் தெரியவரும். அவற்றையே இங்கு எழுத விழைகின்றேன்.

கதையும் அதன் பிறப்பும்

நாடகத்தின் பெயர் ‘ஹம்ஸஃபர்’. உடன் பயணம் செய்பவர் என்பது பொருள். ‘வழித்துணை’ என்று நாம் தமிழிற் சொல்லலாம். ஃபர்ஹத் இஷ்தியாக் என்னும் பெண் எழுத்தாளர் எழுதிய நாவலே பின்னர் நாடகமாயிற்று. அவர் கட்டடப் பொறியியல் பயின்றவர் என்பது சுவையான செய்தி. பாக்கிஸ்தானில் மகளிர் மாத இதழ்களில் வெளியாகும் தொடர்கதைகளுக்குப் பெரும் வாசகர் கூட்டம் உண்டு. அங்குள்ள தொலைக்காட்சி நாடகங்கள் பல அந்த ஊற்றிலிருந்தே நீர் பெறுகின்றன. ‘ஹம்ஸஃபர்’ நாடகத்தை இயக்கியவர் ஸர்மத் கூஸத். ஹம் தொலைக்காட்சியில் 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் தொடங்கி, வாரம் ஓர் அங்கமாக, 2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறைவுற்றது. மொத்தம் 23 அங்கங்கள். ஆண்டுக்கணக்கில் நீளும் இந்தியத் தொடர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு கதை ஆறு மாதங்களுள் தொடங்கி முடிந்துவிடுவதே ஒரு புதுமை.

கதை இதுதான். சிந்து மாகாணத்தின் ஹைதராபாத் நகரில் மைமூனா என்னும் கைம்பெண் தன் ஒரே மகள் கிரதுடன் எளிய வாழ்வு வாழ்கின்றாள். நோய்வாய்ப்பட்டு இறுதிக் காலத்தை எதிர்நோக்கும் அவள், கராச்சியிற் செல்வச் செழிப்போடு வாழும் தன் சகோதரன் பஸீரத் ஹுஸைனிடம் மகளை ஒப்படைக்கின்றாள். தங்கைக்குத் தான் செய்யத் தவறிய கடமையை எண்ணி வருந்தும் பஸீரத், தன் மகன் அஷருக்கே கிரதை மணமுடித்து வைக்கின்றார். மணமக்கள் இருவருக்கும் தொடக்கத்தில் அதில் விருப்பமில்லை. நாளடைவில் அன்பு மலர்கின்றது. கணிதத்தில் ஆர்வமுள்ள கிரத், கணவனின் ஊக்கத்தால் பல்கலைக்கழகத்திலும் சேர்கின்றாள்.

ஆனால் அஷரின் தாய் ஃபரீதாவுக்கு ஏழை மருமகளைக் கண்ணெடுத்தும் பார்க்க மனமில்லை. தன் சகோதரி ஸரீனாவின் மகள் ஸாராவே மருமகளாக வரவேண்டும் என்பது அவள் எண்ணம். பஸீரத் இறந்தபின் அவளைத் தடுப்பார் எவருமில்லை. நல்லவள்போல் நடித்து, கிஸர் என்னும் இளைஞனைக் கருவியாகக் கொண்டு, மருமகளின் ஒழுக்கத்தின்மேற் பழி சுமத்துகின்றாள். கண்ணாற் கண்டதை மெய்யென்று நம்பிய அஷர், மனைவியின் சொல்லைக் கேட்கவும் நில்லாது வெளியேறுகின்றான். கருவுற்றிருந்த கிரத் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகின்றாள். நான்கு ஆண்டுகளின் பின், இருதய நோயுற்ற தன் மகள் ஹரீமின் சிகிச்சைக்காக, தன் மானத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அவள் அதே கணவனைத் தேடி வருகின்றாள். பின்னர் உண்மை வெளிப்படுகிறது. குடும்பம் மீண்டும் ஒன்றுகூடுகிறது. ஸாரா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். ஃபரீதா அறிவு பேதலிக்கிறாள்.

மச்சானும் காக்காவும்

இனி, மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். மாணவர்கள் ஒரு தாளை எடுத்து அஷரின் குடும்ப மரத்தை வரைந்து, ஒவ்வொருவருக்கும் தமிழில் உறவுப் பெயர் எழுதிப் பார்க்கட்டும். கிரத், அஷருடைய தந்தையின் சகோதரிக்குப் பிறந்தவள். அதாவது மாமி மகள். அவனை அவள் மச்சான் என்று அழைக்கலாம். அவனுக்கு அவள் மச்சாள். தமிழ் வழக்கில் ‘உரிமைப் பெண்’ அவளே. ஸாராவோ தாயின் சகோதரிக்குப் பிறந்தவள். அதாவது சின்னம்மா மகள் அல்லது பெரியம்மா மகள். முஸ்லிம் வீடுகளிற் சாச்சி மகள் என்பர். எப்படிப் பார்ப்பினும் அவள் உடன்பிறப்பு முறையே ஆவாள்.

உருது பேசும் நாட்டில் இந்தப் பாகுபாடு இல்லை. தாயின் சகோதரனை அவர்கள் ‘மாமூன்’ என்பர். நம் ‘மாமா’வோடு அச்சொல் எவ்வளவு ஒத்தொலிக்கின்றது! தாயின் சகோதரி ‘காலா’; தந்தையின் சகோதரன் ‘சாச்சா’; தந்தையின் சகோதரி ‘ஃபூஃபி’. இந்நால்வரின் பிள்ளைகளும் அங்கு ஒரே நிலையினர், எவரையும் மணக்கலாம். இஸ்லாமியச் சட்டமும் அதனை அனுமதிக்கின்றது. ஆகவே, ஸாரா அஷரை விரும்புவதில் அந்நாட்டுப் பார்வையாளர் குற்றம் காணார். அவளுடைய பிடிவாதத்தையும் பொறாமையையுமே குற்றமாகக் காண்பர்.

நம் கரையோரத்து முஸ்லிம்கள் அதே மார்க்கத்தைப் பின்பற்றுபவர்கள். ஆயினும் மார்க்கம் அனுமதித்த அனைத்தையும் ஊர்வழக்கம் அனுமதித்துவிடவில்லை. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று எங்கு சென்றாலும், மாமா மகளும் மாமி மகளும் மணமுறை. பெரியம்மா, சாச்சி பிள்ளைகள் சகோதர முறை. பக்கத்துத் தமிழ்க் கிராமங்களிலும் அதுவே விதி. மொழியோடு சேர்ந்தே இந்த உறவு முறையும் இரு சமூகத்துக்கும் முதுசமாக வந்துள்ளது. தமிழ்நாட்டிற் சில சமூகத்தவரிடையே தாய்மாமனே மருமகளை மணக்கும் வழக்கம் உண்டு. ஈழத்துத் தமிழரிடம் அதுவும் இல்லை. ஒரு மொழி பேசுவோரிடையேயும் ஊருக்கு ஊர் எத்தனை வேறுபாடு!

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வழக்கங்களை ஆராய்வதற்கென்றே அக்கரைப்பற்றில் வந்து தங்கினார். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரின் குடும்ப அமைப்பையும் ஒருங்கே விவரிக்கும் அவருடைய பெருநூல் 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. கோயிலில் வண்ணக்கர்மாரும் பள்ளிவாசலில் மரைக்காயர்மாரும் குடிவழியாகத் தெரிவாகும் முறையையும், அக்குடி தாய்வழியாகவே பிள்ளைக்கு வரும் முறையையும் அதில் அவர் விரிவாகக் காட்டியுள்ளார். மூதாட்டி எந்த நூலையும் படித்தவரல்லர். ஆயினும், ஆராய்ச்சியாளர் ஆண்டுக்கணக்கில் முயன்று எழுதியதன் சாரத்தை ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டார்.

நடிப்பின் திறன்

கதை பழையதே. மாமியார் கொடுமை, பழி சுமந்த பத்தினி, பிரிந்த தம்பதியரைச் சேர்க்கும் குழந்தை ஆகிய இவையெல்லாம் நாம் நூறு முறை கண்டவை. அவ்வாறாயின், இந்நாடகம் எல்லை கடந்து இத்தனை பேரை ஏன் கவர்ந்தது? நடிப்பே காரணம் என்பேன்.

கிரதாக நடித்தவர் மாஹிரா கான். அதே 2011ஆம் ஆண்டில் ஷுஐப் மன்ஸூர் இயக்கிய ‘போல்’ என்னும் திரைப்படத்தின் வாயிலாகவே அவர் நடிப்புலகில் அறிமுகமானார். அனுபவம் குறைந்த நடிகையர் அழுகைக் காட்சிகளில் மிகைப்படுத்துவது வழக்கம். மாஹிராவோ அழுகையை அடக்கும் பெண்ணாக நடிக்கின்றார். கண் கலங்கும், குரல் தழுதழுக்கும், ஆயினும் தலை குனியாது. இரண்டாம் பகுதியில் மகளுக்காகத் திரும்பி வரும்போது, அந்தப் பெண்ணிடம் பழைய மென்மை இல்லை. உரிமையைக் கேட்டு வந்திருக்கிறேன், பிச்சை கேட்டு வரவில்லை என்பதை நிற்கும் நிலையே உணர்த்துகின்றது. ‘கிரத்’ என்ற சொல்லுக்கு அறிவு என்று பொருள். பெயருக்கேற்ற பெண்ணாக அவரை நாம் நம்புகின்றோம்.

அஷராக நடித்தவர் ஃபவாத் கான். முன்னர் இசைக்குழு ஒன்றிற் பாடகராக விளங்கியவர். 2007ஆம் ஆண்டில் வெளியான ‘குதா கே லியே’ என்னும் திரைப்படத்திலும் நடித்தவர். அஷர் பாத்திரம் எளிதானதன்று. மனைவியை நம்பாத கணவனை வெறுப்பது பார்வையாளருக்கு இயல்பு. அவ்வெறுப்பு முற்றாகிவிட்டால் இறுதியில் இருவரும் சேர்வதை எவரும் விரும்பார். ஃபவாத் கான் கோபத்தை உரத்த குரலில் வெளிப்படுத்தாமல், உள்ளுக்குள் உடைந்த மனிதனாகக் காட்டுகின்றார். அதனால் அவன் செய்த தவறு தவறாகவே நிற்க, அவன்பால் ஓர் இரக்கமும் பிறக்கின்றது.

எனினும், நாடகத்தைத் தாங்கி நிற்பவர் ஃபரீதாவாக நடித்த அதீகா ஓடோ என்றே சொல்லத் தோன்றுகிறது. நம் நாடகங்களிலும் திரைப்படங்களிலும் கொடுமைக்கார மாமியார் என்றால் உருட்டும் விழியும் உரத்த குரலும் வேண்டும். அதீகா ஓடோவின் ஃபரீதா நேர்த்தியாகச் சேலை உடுத்து, மெல்லப் பேசி, மருமகளை அன்போடு நோக்கிப் புன்னகை செய்கின்றாள். அந்தப் புன்னகையே அச்சமூட்டுகின்றது. தன் மகனுக்கு நன்மையே செய்கிறோம் என்று அவள் உளமார நம்புகிறாள் என்பதை நடிப்பு உணர்த்துகின்றது. தீமை செய்வோர் பெரும்பாலும் அப்படித்தானே நம்புகின்றனர்!

பஸீரத்தாக வருபவர் பெஹ்ரோஸ் ஸப்ஸ்வாரி. 1985ஆம் ஆண்டில் பாக்கிஸ்தான் அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘தன்ஹாயியான்’ நாடகத்தில் கபாச்சா என்னும் நகைச்சுவைப் பாத்திரத்தால் வீடுதோறும் அறியப்பட்டவர். மக்களைச் சிரிக்க வைத்த அவரே இங்கு குற்ற உணர்வு சுமந்த தமையனாக, நம் நெஞ்சை நெகிழ வைக்கின்றார். ஸாராவாக நடித்த நவீன் வகாருக்கு இதுவே முதல் நாடகம். மகளின் பிடிவாதத்துக்கும் சகோதரியின் சூழ்ச்சிக்கும் இடையே தவிக்கும் ஸரீனாவாக ஹினா பயாத் நடித்துள்ளார்.

நாடகத்தின் முகப்புப் பாடலைப் பற்றியும் ஒரு சொல். குர்ரதுல் ஐன் பலோச் பாடிய அந்தக் கஸல், காலஞ்சென்ற கவிஞர் நஸீர் துராபி இயற்றியது. கேட்போர் அதனைக் காதலர் பிரிவைப் பாடுவதாகவே கொள்வர். ஆனால் 1971ஆம் ஆண்டில் கிழக்குப் பாக்கிஸ்தான் பிரிந்தபோது எழுந்த துயரில் அவர் அதனை இயற்றினார். ஒரு நாட்டின் பிளவைப் பாடிய பாட்டு, ஒரு வீட்டின் பிளவுக்கும் பொருந்திவிட்டது. போர் நடந்த ஆண்டுகளில், ஒரே உறவுச் சொற்களால் ஒருவரையொருவர் அழைத்துவந்த இரு சமூகங்கள் ஒன்றையொன்று ஐயத்தோடு பார்க்க நேர்ந்த எங்கள் கரையிலிருந்து அதனைக் கேட்கும்போது, பொருள் விளங்காத மொழியாயினும் நெஞ்சு கனக்கின்றது.

இந்தியாவில் 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கப்பட்ட ‘ஸிந்தகி’ அலைவரிசை, ‘ஹம்ஸஃபர்’ உட்படப் பல பாக்கிஸ்தானிய நாடகங்களை அங்குள்ள இல்லங்களுக்குக் கொண்டுசென்றது. 2016ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்குமிடையே பகை முற்றியபோது அந்நாடகங்கள் நிறுத்தப்பட்டன. மாமியார் மருமகள் சண்டையைக் கூட அரசுகளின் சண்டை விட்டுவைக்கவில்லை.

வாயிலுக்கு வெளியே நின்ற பெண்

நாடகத்தின் நடுவே கிரத் துரத்தப்படும் காட்சி வந்தது. கருவுற்ற பெண் கதவுக்கு வெளியே நிற்கிறாள், கதவு மூடப்படுகின்றது. அவ்விடத்தில் மூதாட்டி மீண்டும் வாய் திறந்தார்.

“அதுக்குத்தான் சொல்ற, பொம்புளப் புள்ளைக்கு வீடு வேணும் எண்டு. இவள் உம்மாட வீட்டில இருந்திருந்தா, அந்த மாமிக்காரி ஆரைத் துரத்துற?”

இதைக் கேட்ட நான் திகைத்துப்போனேன். நாடகத்தின் ஆணிவேரையே அவர் தொட்டுவிட்டார். ஃபரீதாவின் சூழ்ச்சி, கிஸரின் வஞ்சகம், அஷரின் ஐயம் ஆகிய மூன்றும் சேர்ந்தும், அந்த வீடு கிரதின் வீடாக இருந்திருந்தால் அவளைத் தெருவில் நிறுத்தியிருக்க முடியாது. மருமகள் மாமியார் வீட்டுக்குச் செல்லும் வழக்கமே கதைக்கு அடித்தளம்.

கிழக்குக் கரையில் வழக்கம் வேறு. இங்கு மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருகின்றான். பெற்றோர் தம் மூத்த மகளுக்கு வாழும் வீட்டையே சீதனமாகக் கொடுத்துவிட்டு, இளைய பெண்களோடு அதே வளவிலோ அண்மையிலோ வேறு வீடு கட்டிக்கொண்டு பெயர்வர். சகோதரிகள் அயலயலே வாழ்வர். சின்னம்மாவின் குரல் வேலிக்கப்பால் கேட்கும். அவ்வாறு ஒரே முற்றத்தில் வளரும் பிள்ளைகள் சகோதரராகவே பழகுவதும் இயல்புதானே! மூதாட்டி ஸாராவை வெறுத்ததற்கும், கிரதுக்கு வீடு வேண்டும் என்றதற்கும் வேர் ஒன்றே.

இவ்வழக்கம் மிகப் பழையது. மட்டக்களப்புப் பகுதியில் முன்பு நிலவிய தாய்வழி உரிமை முறையை ‘முக்குவச் சட்டம்’ என்பர். அதனை விளக்கி சி. பிரிற்றோ எழுதிய நூல் 1876ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதே 1876ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் ஆட்சி இயற்றிய மரபுரிமைச் சட்டத்தால் அம்முறை பயனிழந்தது. சட்டம் மறைந்தது; வழக்கம் மறையவில்லை. முன்பு குடும்பச் சொத்து மருமக்கள் வழியே சென்றது. பின்னர் அது பெண்ணுக்குச் சீதனமாகச் செல்லலாயிற்று. வழி மாறினும் வீடு பெண்ணிடமே தங்கியது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது இக்கரையோரத்தில் எண்ணற்ற வீடுகள் அழிந்தன. அவற்றுட் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது ‘குடும்பத் தலைவர்’ யார் என்று கேட்கப்பட்டது. கணவனின் பெயரே எழுதப்பட்ட இடங்கள் பல. கேட்டவர்கள் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. தாம் அறிந்த உலகத்தின்படி கேட்டனர். ஆனால் அந்த ஒரு வரியால், தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற உரிமை, ஓசையின்றிக் கை மாறிற்று.

நம் வழக்கத்தின் மறுபக்கம்

இவ்வளவும் எழுதிவிட்டு, நம் வழக்கம் குறையற்றது என்று முடித்தால் அது நேர்மையாகாது. பெண்ணுக்கு வீடு என்பது இனிய சொல்; அந்த வீட்டைக் கட்டுபவர் யார்? மூன்று பெண்களைப் பெற்ற தந்தை மூன்று வீடு கட்ட வேண்டும். அவர் தளர்ந்தால் அண்ணன்மார் கட்ட வேண்டும். சகோதரிகளுக்கு வீடு கட்டி முடித்து, தாம் மணம்புரியும்போது தலை நரைத்துவிட்ட ஆண்மக்களை இக்கரையில் ஊருக்கு ஊர் காணலாம். எத்தனையோ தாய்மார் மகளின் வீட்டுக்கெனக் கடல் கடந்து அரபு நாடுகளில் பிறர் வீட்டுப் பணி செய்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தில் சுவர் எழும்புகின்றது. அந்தச் சுவருக்குள் தாயின்றிப் பிள்ளைகள் வளர்கின்றனர். வீட்டோடு நில்லாமல் கைக்கூலியும் நகையும் கேட்போரும் உண்டு.

மேலும், வீடு இருந்தால் மட்டும் பெண் காக்கப்பட்டுவிடுவாளா? கிரத் தன் வீட்டில் வாழ்ந்திருந்தால் தெருவில் நின்றிருக்கமாட்டாள் என்பது மெய். ஆயினும் அவள்மேல் விழுந்த பழி அப்போதும் விழுந்திருக்கும். கணவன் அப்போதும் அவளைக் கேளாமலே சென்றிருப்பான். கூரை மழையைத் தடுக்கும், பழிச்சொல்லைத் தடுக்காது.

இவ்விடத்தில் நாடகத்தின்மீதும் எனக்கொரு குறை உண்டு. பொறுமையே பெண்ணின் அணி என்றும், தாங்கிக்கொண்டவளுக்கு இறுதியில் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்றும் அது சொல்லாமற் சொல்கின்றது. தீயவள் அறிவிழக்கிறாள், இடையில் வந்தவள் உயிரிழக்கிறாள், கணவன் வருந்துகிறான். வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்காகக் கணக்குத் தீர்வதில்லை. ஹரீமுக்கு இருதய நோய் வந்திராவிட்டால் அஷர் உண்மையை அறிந்திருப்பானா? ஒரு குழந்தையின் உயிர் ஊசலாடினால்தான் ஒரு பெண்ணின் சொல் கேட்கப்படும் என்றால், அது மகிழ்ச்சியான முடிவாகுமா? மாணவர்கள் இதனைத் தம்முள் விவாதித்துப் பார்க்கலாம்.

கேளாத கேள்வி

ஒன்றை இதுவரை சொல்லாமல் விட்டேன். ஆங்கில வரிகளை வாசித்துக் காட்டிய அந்தப் பேத்திக்கு அப்போது கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். முறை மச்சான்தான், மாமாவின் மகன். வளவின் தென்புறத்தில் அவளுக்கென வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கூரை வேலை மட்டும் எஞ்சியிருந்தது. உறுதியை இருவர் பெயரிலும் எழுதினால் என்ன என்று மாப்பிள்ளை வீட்டார் பக்குவமாகக் கேட்டிருந்தனர். வங்கிக் கடன் எடுக்க வசதியாக இருக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். தோழியும் அவள் கணவரும் முடிவெடுக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தனர். மறுத்தால் மனக்கசப்பு, இசைந்தால் மனக்கலக்கம்.

நாடகம் முடிந்து தேநீர் வந்தபோது அப்பேச்சு எழுந்தது. மூதாட்டி உறுதியைப் பற்றி ஏதேனும் சொல்வார் என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவரோ வேறொன்றைச் சொன்னார்.

“வீடு புள்ளைட பேரில இருக்கட்டும். அது எங்கட வழமை. ஆனா மகள், அந்தப் பொடியனைக் கூப்பிட்டு நான் ஒண்டு கேக்கணும். நாளைக்கு ஆராவது வந்து இவளைப் பத்தி ஒரு கதை சொன்னா, முதல்ல இவளிட்டக் கேப்பியா, இல்லாட்டி அந்தப் படத்துக்காரனப் போலக் கதவைத் திறந்து போவியா எண்டு கேக்கணும்.”

அறையில் எவரும் பேசவில்லை. பேத்தி தலை குனிந்து கைத்தொலைபேசியை அணைத்தாள்.

சில மாதங்களின் பின் அக்கலியாணத்துக்கு நானும் சென்றிருந்தேன். உறுதி பெண்ணின் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தது. மாப்பிள்ளை அதனை மனமொப்பி ஏற்றுக்கொண்டான் என்று தோழி சொன்னாள். மூதாட்டி தாம் கேட்க நினைத்ததையும் கேட்டுவிட்டாராம். அவன் என்ன விடை சொன்னான் என்று நான் ஆவலோடு வினவினேன்.

“அதை உம்மா ஒருத்தருக்கும் சொல்லல்ல. ஆனா அண்டு பின்னேரம் அவனுக்குத் தன்ட கையால வெத்திலை மடிச்சுக் குடுத்தா” என்றாள் தோழி.

உடன் பயணம் செய்பவரே வழித்துணை. வழியில் ஐயம் எழுவது இயல்பு. இருள் சூழ்வதும் இயல்பு. அவ்வேளையில் நின்று, திரும்பி, அருகிலிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் மனம் வேண்டும். அந்த மனம் அஷருக்கு இருந்திருந்தால் 23 அங்கங்களுக்குக் கதையே இருந்திராது. கதையில்லாமற் போவதே வாழ்க்கையில் நல்லது என்பதை நாம் அறிவோம். நாடகங்களைப் பார்ப்போம், நல்ல நடிப்பைப் போற்றுவோம். பார்த்து முடித்தபின், நம் வீட்டில் எவரிடமேனும் கேளாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டா என்று எண்ணிப் பார்ப்போம்.